‘அமெரிக்கத் தரம்’ என்று பலகை மாட்டிய பிறை டயாலிசிஸ் மையம்: ஒரு மதிப்புரை

பினாங்கின் பெருநிலப் பகுதியில், பிறைத் தொழிற்பேட்டையை ஒட்டிய கடைவீட்டு வரிசை ஒன்றில் இயங்கும் தனியார் டயாலிசிஸ் மையத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. என் தம்பி வாரத்துக்கு மூன்று முறை அங்கே ரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்கிறார். நான் அரசாங்க மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் அவருக்குத் துணையாகப் போகும்போதெல்லாம் என் கண் சாய்வு நாற்காலியிலும் தொலைக்காட்சியிலும் நிற்காமல், அங்கே வேலை செய்பவர்களின் கைகளையே தொடர்ந்தது. குறை சொல்ல வேண்டிய இடமும் இருப்பதால் மையத்தின் பெயரை எழுதவில்லை. சொல்ல வேண்டியதை நிர்வாகத்திடம் நேரில் சொல்லிவிட்டேன். பட்டர்வொர்த்திலோ புக்கிட் மெர்தாஜாமிலோ ஜெலுத்தோங்கிலோ தங்கள் வீட்டாருக்கு இடம் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இங்கே எழுதுவது பயன்படலாம்.

வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டமிட்ட பலகை ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. ‘அமெரிக்கத் தரத்தில் சிறுநீரகப் பராமரிப்பு’ என்று மூன்று மொழிகளில் அதில் எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் இயந்திரங்கள் ஜெர்மனியில் செய்தவை. வடிகட்டிகள் ஜப்பானிலிருந்து வந்தவை. அப்படியானால் இதில் அமெரிக்கா எங்கே வருகிறது என்று வரவேற்பாளரிடம் கேட்டேன். பராமரிக்கும் முறையில் என்று பதில் வந்தது. விளம்பர வாசகம்தானே என்று அதை விட்டுவிடலாம். ஆனால் டயாலிசிஸில் அமெரிக்கத் தரம் என்ற ஒன்று எழுத்துப்பூர்வமாகவே இருக்கிறது, அதை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். ஆகவே மையம் தானாக நீட்டிய அளவுகோலைக் கொண்டே மையத்தை அளந்து பார்ப்பது நியாயம் என்று தோன்றியது.

அந்த நாட்டில் இவ்விதிகள் பிறந்த விதமே சற்று வித்தியாசமானது. 1972இல் நிறைவேறிய சட்டத்தின்படி, சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களின் சுத்திகரிப்புச் செலவை 1973 முதல் மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு ஏற்றது. முதியவர்களுக்கென்று தொடங்கப்பட்ட காப்பீடு, இந்த ஒரு நோய்க்கு மட்டும் வயதைப் பார்க்காமல் பணம் கொடுத்தது. பணம் கொடுப்பவர் நிபந்தனை விதிப்பது இயல்புதான். 1976இல் முதல் நிபந்தனைகள் வந்தன; 2008இல் அவை முழுமையாகத் திருத்தி எழுதப்பட்டன. தண்ணீரின் தூய்மை முதல் நோயாளியின் உரிமைகள் வரை எல்லாம் அவற்றில் உண்டு என்றாலும், எனக்குப் பயன்படுவது பணியாளர் தகுதியைப் பற்றிய பகுதியாகும்.

அப்பகுதி தாதியரைத் தரம் பிரித்துப் பேசுகிறது. மையத்தின் தாதியர் பிரிவுக்குத் தலைமை தாங்குபவர் பதிவு பெற்ற தாதியாக, முழுநேர ஊழியராக இருக்க வேண்டும். மருத்துவத் தாதிப்பணியில் 12 மாத அனுபவமும், அதற்கு மேல் டயாலிசிஸ் நோயாளிகளைப் பராமரித்ததில் 6 மாத அனுபவமும் அவருக்கு வேண்டும். அவருக்கு அடுத்த நிலையில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பொறுப்புத் தாதி உண்டு. அங்கேதான் பிராக்டிகல் நர்ஸ் என்று அழைக்கப்படும் தாதியர் வருகிறார்கள். இவர்கள் ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பை முடித்து, தங்களுக்கென்றே நடத்தப்படும் தேர்வை எழுதி, மாநில உரிமம் பெற்றவர்கள். கலிபோர்னியாவிலும் டெக்சஸிலும் வொக்கேஷனல் நர்ஸ் என்பார்கள். மொத்தம் 12 மாதத் தாதிப்பணி அனுபவமும் அதற்குள் 3 மாதமாவது டயாலிசிஸ் அனுபவமும் இருந்தால், இவர்களும் பொறுப்புத் தாதியாக இருக்கலாம் என்கிறது விதி. அவர்களுக்கும் கீழே, நோயாளிகளை இயந்திரத்தில் இணைக்கும் தொழில்நுட்பப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளிப் படிப்பை முடித்தவர்களாக இருப்பதோடு, வேலையில் சேர்ந்த 18 மாதங்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் ஒன்றையும் பெற்றாக வேண்டும்.

இதைப் படிக்கும் ஒருவருக்கு, ஓராண்டு படித்தவரிடம் ஒரு கூடத்தையே ஒப்படைத்துவிட்டார்களே என்ற திகைப்பு எழலாம். எனக்கும் எழுந்தது. ஆனால் அதே நிபந்தனைகளின் வேறொரு பிரிவு அந்தத் தளர்வுக்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. மையத்தில் ஒரே ஒரு நோயாளி இயந்திரத்தில் இருந்தாலும், தாதிப்பராமரிப்புக்குப் பொறுப்பேற்கும் பதிவு பெற்ற தாதி ஒருவர் அந்த நேரம் முழுவதும் அக்கட்டடத்துக்குள் இருந்தாக வேண்டும். தொலைபேசியில் கிடைப்பார் என்பதோ பக்கத்துக் கிளையில் இருக்கிறார் என்பதோ அங்கே செல்லாது. பொறுப்பில் இருப்பவர் பிராக்டிகல் நர்ஸாக இருந்து, மாநிலச் சட்டமும் வேண்டும் என்று சொன்னால், அவர் பதிவு பெற்ற தாதியின் மேற்பார்வையில்தான் வேலை செய்யலாம். நோயாளியின் நிலையை மதிப்பிட்டுச் சிகிச்சைத் திட்டத்தை மாற்றுவதில் பங்கெடுப்பது பதிவு பெற்ற தாதியின் வேலை. பிராக்டிகல் நர்ஸ் விவரங்களைச் சேகரித்து, மாற்றத்தைக் கண்டால் உடனே தெரிவிக்கிறார். ஊசி குத்துவது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைக் கொடுப்பது, கழுத்தில் அல்லது மார்பில் பொருத்திய கதீட்டர் என்னும் குழாயைத் திறப்பது ஆகியவற்றில் எதை அவர் செய்யலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. கதீட்டர் விஷயத்தில் சில மாநிலங்கள் மிகவும் கண்டிப்பானவை.

ஆக, அமெரிக்கத் தரம் என்று யாராவது சொன்னால் அதன் உயிர் இந்த எல்லைக்கோடுகளில் இருக்கிறது. யார் எதைத் தனியாகச் செய்யலாம், எதைச் செய்வதற்கு முன் மேலே இருப்பவரைக் கூப்பிட வேண்டும், அப்படிக் கூப்பிட்டால் வர அங்கே ஆள் இருக்கிறாரா என்பவைதான் கேள்விகள்.

நம் நாட்டில் இதற்கு வேறு ஏற்பாடு. தனியார் டயாலிசிஸ் மையங்கள் 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. 586ஆம் சட்டம் என்று சொல்லப்படும் அது, தன் ஒழுங்குமுறை விதிகளோடு 2006 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. சுகாதார அமைச்சின் உரிமம் இல்லாமல் மையத்தைத் திறக்க முடியாது. தாதியர் 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டத்தின் கீழ் மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிந்து, ஆண்டுதோறும் தொழில் அனுமதிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். எம்.ஏ. என்று நாம் இன்னும் அழைக்கும் மருத்துவ உதவியாளர்களுக்கு 1977ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இவர்களின் முன்னோர்களை டிரெசர் என்ற பெயரில் தெரிந்திருக்கும். இன்று பல மையங்களின் முதுகெலும்பே இந்த எம்.ஏ.க்கள்தாம். தாதியானாலும் எம்.ஏ.வானாலும் டயாலிசிஸில் பயிற்சி பெற்றவர் என்று சொல்லிக்கொள்ள, மூன்றாண்டு டிப்ளோமாவுக்கு மேல் சிறுநீரகப் பராமரிப்பில் போஸ்ட் பேசிக் பயிற்சியை முடித்திருப்பதே வழக்கமான தகுதி. அது அரையாண்டு காலமோ அதற்கு மேலோ ஆகும். வகுப்பும் உண்டு, வார்டு வேலையும் உண்டு. அந்த வகையில் பார்த்தால், அமெரிக்காவின் 3 மாத அனுபவத்தைவிட நம் போஸ்ட் பேசிக் கனமானது. அமெரிக்காவைச் சுவரில் மாட்டுவதற்குப் பதிலாக, தங்கள் சிஸ்டர்களின் போஸ்ட் பேசிக் சான்றிதழ்களை மாட்டியிருந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும்.

பிராக்டிகல் நர்ஸுக்கு நேரான ஒருவரை நம் மையங்களில் தேடினால், உதவித் தாதிகளும் டயாலிசிஸ் உதவியாளர்களும் கிடைப்பார்கள். இவர்களில் சிலர் முறையான உதவித் தாதிப் பயிற்சி பெற்றவர்கள். சிலர் பள்ளி முடித்து வந்து, வேலையிலேயே கற்றுக்கொண்டவர்கள். எல்லோரும் ஒரே நிறச் சட்டை அணிந்திருந்தால் நோயாளிக்கு வேறுபாடு தெரியாது. இந்த மையத்தில் சட்டையின் நிறமும் பெயர்ப்பட்டையும் வேறு வேறாக இருக்கின்றன. பெயருக்குக் கீழே பதவியும் எழுதப்பட்டிருக்கிறது. சின்ன விஷயந்தான், ஆனால் எல்லா மையங்களிலும் இதைக் காண முடிவதில்லை.

காலை வேளையில் நான் பார்த்தது பெரும்பாலும் நிறைவளிக்கும் வேலை. நோயாளி வந்ததும் எடை பார்க்கிறார்கள். போன முறை வீட்டுக்குப் போகும்போது இருந்த எடையோடு ஒப்பிட்டு எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள்; பிறகு ரத்த அழுத்தம். உதவியாளர் ஃபிஸ்டுலா உள்ள கையைத் தொட்டு அதிர்வு இருக்கிறதா என்று பார்த்து, ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஓசையையும் கேட்கிறார். தமனியையும் சிரையையும் அறுவைச் சிகிச்சையால் இணைத்து உருவாக்கும் இந்த ஃபிஸ்டுலா, 1966இல் நியூயார்க் மருத்துவர்கள் அறிவித்த நாள் முதல் டயாலிசிஸ் நோயாளிகளின் உயிர்நாடியாக இருந்து வருகிறது. அதிர்வு நின்றுவிட்டால் அது அடைபட்டுவிட்டது என்று பொருள். மணிக்கணக்கில் தாமதித்தால் மீட்பது கடினம். ஆகவே ஊசி குத்துமுன் ஒரு நிமிடம் கையை வைத்துப் பார்ப்பது சடங்காக இல்லாமல் கவனத்தோடு நடக்க வேண்டும். இங்கே கவனத்தோடுதான் நடக்கிறது.

ஊசி குத்தும் இடத்தை ஒவ்வொரு முறையும் சிறிது நகர்த்துகிறார்கள். குத்திய இடத்திலேயே திரும்பத் திரும்பக் குத்தினால் வலி குறைவு என்பதால் நோயாளிகளே அதைக் கேட்பார்கள். ஆனால் நாளடைவில் அந்த இடம் மெலிந்து பலூன்போல் உப்பிவிடும். என் தம்பியும் கேட்டார். சிஸ்டர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டு, ஏன் என்று அவருக்குத் தமிழிலேயே விளக்கினார். புதிய ஃபிஸ்டுலாவில் முதல் சில வாரங்களுக்குப் போஸ்ட் பேசிக் முடித்த சிஸ்டரோ எம்.ஏ.வோ மட்டுமே ஊசி குத்துகிறார்கள். கை பழகிய பிறகே அனுபவமுள்ள உதவித் தாதி அந்தப் பணியை ஏற்கிறார். இந்த வரிசைமுறையை யாரும் எனக்குச் சொல்லவில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இந்த மையத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த வாக்கியம் ஓர் இளம் உதவியாளர் சொன்னது. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாவுக்குக் கழுத்தில் கதீட்டர் போடப்பட்டிருந்தது. கட்டுப் போட்ட இடம் நமைச்சலாக இருக்கிறது, கொஞ்சம் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அந்த அம்மாவின் மகள் கேட்டார். “மன்னிச்சிருங்க அக்கா, அத நான் தொடக் கூடாது, சிஸ்டரக் கூப்பிடுறேன்” என்று அந்தப் பெண் சொல்லிவிட்டு உடனே போய் அழைத்து வந்தார். சிஸ்டர் வந்து, தாமும் முகக்கவசம் அணிந்து, நோயாளிக்கும் அணிவித்து, கையுறை மாற்றிய பிறகுதான் கட்டைத் தொட்டார். கதீட்டரின் முனை இதயத்துக்கு அருகில் இருக்கிறது. அதன் வழியாகக் கிருமி நுழைந்தால் நேராக ரத்தத்தில்தான் கலக்கும். தன் எல்லை எது என்று தெரிந்து, தயங்காமல் அதை வாய்விட்டுச் சொல்லும் ஓர் உதவியாளரை உருவாக்கியிருப்பதற்காக இந்த மையத்துக்கு என் முழு மதிப்பெண்ணையும் கொடுப்பேன்.

போர்வை விஷயத்திலும் இவர்கள் கறாராக இருக்கிறார்கள். குளிரூட்டிய கூடத்தில் நான்கு மணி நேரம் படுத்திருப்பவர்கள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வார்கள். ஊசி குத்திய கையும் உள்ளே போய்விடும். இயந்திரம் நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர் வரை ரத்தத்தை இறைக்கிறது. உடலில் இருப்பதோ ஏறத்தாழ 5 லிட்டர். ரத்தம் திரும்பிச் செல்லும் ஊசி நழுவிவிட்டால் சில நிமிடங்களில் உயிரே போகலாம். அழுத்தம் பெரிதாக மாறாதபோது இயந்திரத்தின் அபாய ஒலியும் எழாமல் இருந்துவிடக்கூடும். அதனால்தான் முகமும் ஊசி குத்திய இடமும் குழாய் இணைப்புகளும் எப்போதும் பணியாளர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று மையங்களைச் சோதிக்க வரும் அமெரிக்க ஆய்வாளர்கள் வற்புறுத்துகிறார்கள். இங்கே உதவியாளர்கள் சுற்றி வரும்போதெல்லாம் போர்வையை விலக்கிப் பார்க்கிறார்கள். என் தம்பி முகம் சுளிப்பார், ஆனாலும் விடுவதில்லை.

தண்ணீர் அறையையும் பார்க்க அனுமதித்தார்கள். நோயாளியின் பக்கம் நின்று பார்ப்பவர்கள் மறந்துவிடும் இடம் அது. சுத்திகரிப்புத் திரவம் நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம் ஓடினால் நான்கு மணி நேரத்தில் ஒரே நோயாளிக்கு 120 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அவ்வளவு தண்ணீருக்கும் நோயாளியின் ரத்தத்துக்கும் இடையில் இருப்பது மெல்லிய ஒரு சவ்வு மட்டுமே. 1996இல் பிரேசிலின் கருவாரு நகர மையம் ஒன்றில், சரியாகச் சுத்திகரிக்காத ஏரித் தண்ணீரில் இருந்த பாசி நஞ்சு ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் உயிரைக் குடித்தது. நம் குழாய்த் தண்ணீரில் கலக்கப்படும் குளோரினும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியதுதான். அதனால் குளோரினை அகற்றும் கரித்தொட்டியைத் தாண்டிய தண்ணீரில் மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு வேளை தொடங்குமுன்னும் இதைச் சோதித்து எழுத வேண்டிய வேலை இந்த மையத்தில் உதவியாளருடையது. எந்த மருந்துக்கும் ஈடான பொறுப்பு அது. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வேளைக்கும் கையெழுத்துகள் இருந்தன. ஒவ்வொரு நாளும் பதிவு ஒரே எண்ணாக இல்லாமல் சற்றே மாறியிருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. உண்மையாகச் சோதித்தவர்களின் பதிவேடு அப்படித்தான் இருக்கும்.

மஞ்சள்காமாலைக் கிருமி பி, சி உள்ளவர்களுக்குத் தனி அறையும் தனி இயந்திரமும் உண்டு. அந்த அறையில் இருக்கும் உதவியாளர் அதே வேளையில் வெளியே வந்து மற்றவர்களைத் தொடுவதில்லை.

இனி, குறை. மையம் காலை, மதியம், மாலை என மூன்று வேளைகளாக இயங்குகிறது. என் தம்பிக்கு முதலில் கிடைத்தது மாலை வேளை. காலையில் போஸ்ட் பேசிக் முடித்த சிஸ்டர் ஒருவரும் எம்.ஏ. ஒருவரும் கூடத்திலேயே இருக்கிறார்கள். மாலையில் சிஸ்டர் ஒருவர் மட்டும் பட்டியலில் இருக்கிறார். ஆனால் நோயாளிகளை இயந்திரத்தில் இணைத்து முடித்த பிறகு அவர் இதே நிறுவனத்தின் இன்னொரு கிளைக்குச் சென்றுவிட்டுத் திரும்புகிறார். இடைப்பட்ட நேரத்தில் கூடம் முழுவதும் உதவித் தாதியின் பொறுப்பில் இருக்கிறது. அவர் அனுபவமுள்ளவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அப்படிப்பட்ட ஒரு மாலையில் என் தம்பிக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கியது. உதவித் தாதி செய்த முதலுதவி பாடப்புத்தகத்தில் உள்ளபடியே இருந்தது: நாற்காலியைத் தாழ்த்தினார், நீர் எடுப்பதை நிறுத்தினார், உப்பு நீரைக் குழாய் வழியாகச் செலுத்தினார், அழுத்தத்தை அடிக்கடி பார்த்தார். தம்பியும் விரைவில் தெளிந்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் சரியில்லை. அடிக்கடி அழுத்தம் இறங்குகிறது என்பதால், அவருடைய உலர் எடையை அரைக் கிலோ கூட்டி, அடுத்த முறைக்கான தாளில் அந்த உதவித் தாதியே எழுதிவிட்டார். சிஸ்டரின் கையெழுத்தும் இல்லை, மருத்துவரின் உத்தரவும் இல்லை.

உலர் எடை என்பது, உடலில் மிகையான நீர் இல்லாதபோது ஒருவர் இருக்க வேண்டிய எடை. டிரை வெயிட் என்று நோயாளிகள் அனைவருக்கும் பழகிய சொல். அதைக் கூட்டினால் ஒவ்வொரு முறையும் அவ்வளவு நீர் உள்ளேயே தங்கிவிடும். அழுத்தம் இறங்காமல் இருப்பதால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் சில வாரங்களில் காலில் வீக்கமும் படுத்தால் மூச்சுத் திணறலும் வரலாம், இதயம் நாள்தோறும் கூடுதல் சுமையைச் சுமக்கும். மறுபக்கம், அழுத்தம் இறங்கியதற்குக் காரணம் உலர் எடையாகவே இருக்க வேண்டியதில்லை. என் தம்பியின் எடை 60 கிலோ. அன்று 3 கிலோ நீரோடு வந்திருந்தார். அதை நான்கு மணி நேரத்தில் எடுத்தால் கிலோவுக்கு மணிக்கு 12.5 மில்லிலிட்டர் ஆகிறது. 13 என்பது பலரும் தாண்டாதிருக்கப் பார்க்கும் வரம்பு. விளிம்பில் நின்றுகொண்டு நீரை இறைத்தால் அழுத்தம் இறங்காமல் என்ன செய்யும்? நேரத்தை அரை மணி கூட்டலாமா, வருவதற்கு முன் விழுங்கிய ரத்த அழுத்த மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா, இரண்டு முறைகளுக்கு இடையே குடிப்பதைக் குறைக்கலாமா, இதயத்தில் ஏதேனும் கோளாறா என்று பார்த்த பிறகு வர வேண்டிய முடிவு அது. இந்த மதிப்பீட்டைத்தான் பதிவு பெற்ற தாதிக்கும் மருத்துவருக்கும் உரியதென்று விதிகள் ஒதுக்கி வைத்திருக்கின்றன. உதவித் தாதி கவனித்ததைச் சொல்லியிருக்க வேண்டும்; சொல்வதற்கு அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை. அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆளில்லாத இடத்தில் பொறுப்பை ஏற்றி வைத்த ஏற்பாட்டையே குறை கூறுகிறேன்.

நிர்வாகியிடம் பேசினேன். சிஸ்டரைக் கைப்பேசியில் எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம் என்றார். வரவேற்பறைப் பலகையைக் காட்டி, அமெரிக்காவில் பதிவு பெற்ற தாதி கட்டடத்துக்குள் இருந்தால்தான் இயந்திரமே ஓட முடியும் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், நம் நாட்டு விதிப்படி உரிமம் பெற்றிருக்கிறோம் என்று சொன்னார். உரிமம் சுவரில் இருப்பது உண்மைதான். ஆனால் பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் நோயாளி இருக்க வேண்டும் என்பதே நம் விதிகளின் நோக்கமும், அடுத்த ஊரில் இருந்துகொண்டு மேற்பார்வை செய்ய முடியாது. மறு வாரமே உலர் எடையைப் பழையபடி மாற்றிவிட்டு, வாரந்தோறும் வரும் சிறுநீரக நிபுணர் தம்பியைப் பார்த்தார். நேரம் நான்கரை மணியாக நீட்டப்பட்டது. அதோடு, உலர் எடைக் கட்டத்துக்குப் பக்கத்தில் சிஸ்டரின் கையெழுத்துக்கென்று ஓர் இடத்தைப் புதிய தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். கேட்டதும் மாற்றிக்கொண்டதைப் பாராட்ட வேண்டும். மாலையில் சிஸ்டர் கிளைக்குப் போவது மட்டும் நான் கடைசியாகப் பார்த்தவரை நிற்கவில்லை.

உணவு ஆலோசனையில் இந்த மையத்தின் பணியாளர்கள் கெட்டிக்காரர்கள். அச்சிட்ட தாளைக் கையில் திணிப்பதோடு நிறுத்துவதில்லை. நாசி கண்டார் வாங்கினால் குழம்பைப் ‘பஞ்சிர்’ செய்யச் (சோறு மூழ்கும்படி ஊற்றச்) சொல்லாதீர்கள், இளநீரைத் தொடாதீர்கள், பெலிம்பிங் என்னும் நட்சத்திரப் பழத்தின் சாறு ஒரு குவளைகூட வேண்டாம் என்று நம் ஊர் நாக்கை அறிந்து சொல்கிறார்கள். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. பெலிம்பிங் பழத்தில் உள்ள நஞ்சு சிறுநீரகம் செயலிழந்தவர்களின் மூளையைத் தாக்கி விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும். தைப்பூச வாரத்தில் தண்ணீர்ப் பந்தல்களைப் பற்றித் தனியாக எச்சரித்ததோடு, தண்ணீர்மலைக் கோயிலுக்குச் செல்பவர்களுக்காக முறை நாள்களை முன்கூட்டியே மாற்றிக் கொடுத்தார்கள். தமிழ், மலாய், ஹொக்கியன் மூன்றும் கூடத்தில் புழங்குகின்றன. எந்த நேரத்திலும் தமிழ் பேசும் ஒருவராவது இருக்கிறார்.

கட்டணம் ஒரு முறைக்கு 230 வெள்ளி. ரத்தச்சோகைக்கான ஊசி தனி. தம்பி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்பதால் சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் உதவி கிடைக்கிறது, அதற்கான பாரங்களை மையமே நிரப்பித் தருகிறது. அரசாங்க ஓய்வூதியம் பெறுபவர்களுக்கும் வழி உண்டு என்றார்கள். வண்டி நிறுத்துவது காலையில் எளிது, மதியத்தில் தொழிற்சாலைப் பேருந்துகள் வந்துவிட்டால் பாடுதான். சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பாதை இருக்கிறது, கழிவறைக் கதவு மட்டும் குறுகல்.

காலை வேளைக்கு இந்த மையத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அந்த வேளைக்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு. தம்பிக்கு இடம் கிடைக்கச் சில மாதங்கள் ஆயின, இப்போது அவர் செவ்வாய், வியாழன், சனிக் கிழமைகளில் காலையில்தான் போகிறார். மாலையில் உடனே இடம் இருக்கிறது என்று சொல்லிச் சேர்க்க முன்வந்தால், சிஸ்டர் எத்தனை மணி வரை கூடத்தில் இருப்பார், அவர் இல்லாத நேரத்தில் போஸ்ட் பேசிக் முடித்த வேறு யார் இருப்பார், உலர் எடையையும் ஹெப்பாரின் அளவையும் மாற்ற யாருக்கு அதிகாரம் என்று கேளுங்கள். பணியாளர் பட்டியலைக் காட்டச் சொன்னால் இங்கே காட்டுகிறார்கள். தாதியர் வாரியத்தின் நடப்பாண்டுச் சான்றிதழ்களின் நகல்கள் சிஸ்டரின் மேசைக்குப் பின்னால் உள்ள நீலக் கோப்பில் இருக்கின்றன.